சித்திக்கு நான் டீச்சர்

எட்டாம் வகுப்பு படித்தபோது எனக்கு ஒரே ஒரு மாணவி இருந்தாள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். அம்மாவின் கடைசித் தங்கை, எனக்குச் சித்தி.

மணப்பாறையில் பிளஸ் டூ எழுதி மற்ற எல்லாப் பாடத்திலும் தேறியவள், வேதியியலில் மட்டும் தவறிவிட்டாள். மறுபடி எழுதினாள், மறுபடியும் போய்விட்டது. வீட்டில் சும்மா இருக்க வேண்டாமென்று தாத்தா அவளை ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டார். சின்னக்கடைத் தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் அவளுக்கு வேலை கிடைத்தது. வருகிறவர்கள் பிரித்துப் போட்டுவிட்டுப் போகும் புடவைகளை மறுபடி மடித்து அடுக்க வேண்டும். கடையில் உட்காரக் கூடாது என்பது சட்டம். அதனால் வீட்டுக்கு வந்ததும் பேச்சில்லாமல் தரையில் காலை நீட்டிவிடுவாள். அந்த நேரத்தில்தான் நான் எதிரே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பேன்.

அந்த வருடம் எங்களுக்கு வேதிச் சமன்பாடு ஆரம்பித்திருந்தது. அம்புக்குறிக்கு இந்தப் பக்கம் எத்தனை அணுவோ அந்தப் பக்கமும் அத்தனை இருக்க வேண்டும். எனக்கு அது பிடித்திருந்தது. கணக்கு மாதிரி இருக்கும், ஆனால் கணக்கு டீச்சர் வர மாட்டார். ஒருநாள் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து தண்ணீராகிற சமன்பாட்டைப் போட்டுக்கொண்டிருந்தபோது சித்தி எட்டிப் பார்த்தாள். ஆக்சிஜன் ஒன்று இடிக்கிறதே என்று சொல்லிவிட்டு, என் பென்சிலை வாங்கி, தண்ணீரில் இருந்த ஆக்சிஜனின் காலடியில் சின்னதாக ஒரு இரண்டைப் போட்டாள்.

"அய்யோ சித்தி! அடியில இருக்கிற நம்பரைத் தொடக் கூடாது. முன்னாடிதான் போடணும்."

"ஏன் தொடக் கூடாது?"

"டீச்சர் சொன்னாங்க."

"அதான் ஏன்னு கேக்கறேன். எங்க ஸ்கூல்லயும் தொடாதேன்னுதான் சொன்னாங்க. ஏன்னு யாரும் சொல்லல. நான் மொத்தத்தையும் மனப்பாடம் பண்ணிட்டுப் போயி, ஹால்ல மறந்துட்டு வந்தேன்."

எனக்கும் ஏனென்று தெரியவில்லை. மறுநாள் வகுப்பில் எழுந்து நின்று கேட்டேன். தண்ணீரில் இன்னொரு ஆக்சிஜனைச் சேர்த்தால் அது தண்ணீரே இல்லை, காயத்தில் ஊற்றினால் பொங்கி நுரைக்குமே, அந்த மருந்து என்றார் டீச்சர். எத்தனை டம்ளர் தண்ணீர் என்பதை நாம் மாற்றலாம், தண்ணீரையே மாற்ற நமக்கு உரிமை இல்லை என்றார். அதை வழியில் சிந்தாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து சித்தியிடம் கொடுத்தேன்.

"இதைச் சொல்லியிருந்தா நான் பாஸாகியிருப்பேன்டி" என்றாள்.

அன்றிலிருந்து நான் டீச்சர் ஆனேன். கடையின் தையல் பகுதியில் மிஞ்சும் ஜாக்கெட் பட்டன்களையும் கொக்கிகளையும் கேட்டு வாங்கி வந்தாள். வெள்ளை பட்டன் ஹைட்ரஜன், சிவப்பு ஆக்சிஜன், கருப்புக் கொக்கி இரும்பு. நடுவில் ஒரு ஸ்கேலை வைப்போம். அதுதான் அம்புக்குறி. சித்தி எனக்குச் சொல்லிக்கொடுப்பதாக அப்பா நினைத்துக்கொண்டார். பார்க்கிறவர்களிடம், "சித்திதான் இவளுக்கு டியூஷன்" என்பார். நாங்கள் இருவரும் அதைத் திருத்தவில்லை. எனக்கு அது ஒரு அவமானமாகவே இருந்தது, ஆனால் பெரிய மனசு பண்ணிப் பொறுத்துக்கொண்டேன்.

இரும்பு துருப்பிடிக்கிற சமன்பாட்டில்தான் மாட்டிக்கொண்டோம். இந்தப் பக்கம் ஆக்சிஜன் இரண்டிரண்டாகத்தான் வரும், அந்தப் பக்கம் மூன்று மூன்றாகக் கேட்கும். எப்படி நகர்த்தினாலும் ஒன்று குறையும், இல்லை ஒன்று மிஞ்சும். டீச்சரான நான் இது பாடத்தில் இல்லை என்று தப்பிக்கப் பார்த்தேன். சித்தி விடவில்லை. சாப்பிடும்போதுகூடச் சோற்றைப் பிரித்துப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்குக் கோபம் வந்தது.

மறுநாள் சாயங்காலம் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் கூப்பிட்டாள்.

"ஆறு! ஆறுடி பாப்பா! ரெண்டு ரெண்டா மூணு தடவை, மூணு மூணா ரெண்டு தடவை. ரெண்டும் ஆறுலதான் சேரும். அப்ப இரும்பு நாலு."

எனக்கு உடனே புரியவில்லை. உள்ளே வந்து தரையில் பரப்பிக் காட்டினாள். அப்போதுதான் தெரிந்தது, எங்களிடம் இருந்த சிவப்பு பட்டனே ஐந்துதான். ஜென்மத்துக்கும் அதை வைத்து அந்தச் சமன்பாடு வந்திருக்காது. சித்தி விழுந்து விழுந்து சிரித்தாள். கடையில் புடவை அடுக்கும்போது தோன்றியதாம், அந்தச் சந்தோஷத்தில் பட்டுப் புடவையைக் கொண்டுபோய்ப் பருத்தி அடுக்கில் வைத்துவிட்டாளாம். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் லேசாக வலித்தது. இதுவரை எல்லாவற்றையும் முதலில் போட்டது நான்தான்.

சித்தி மறுபடி பரீட்சைக்குப் பணம் கட்டியிருந்தது அம்மாவுக்கு மட்டும் தெரியும். தாத்தாவுக்குத் தெரிந்தபோது நேரில் வந்துவிட்டார். பாஸ் பண்ணி என்ன செய்யப் போகிறாள் என்று கேட்டார். லால்குடியில் ஒரு பையனைப் பார்த்து வைத்திருந்தார். சித்தி சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இந்த ஒரு தடவை விடுங்கப்பா. இதுவும் போச்சுன்னா நீங்க காட்டற ஆளுக்குக் கழுத்தை நீட்டிடறேன்."

தாத்தா அம்மாவைப் பார்த்தார்.

"நான் சொல்றேன்ல, எழுதட்டும்பா" என்றாள் அம்மா.

இதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த எனக்கு இரட்டைச் சந்தோஷம். பாஸானால் டீச்சருக்குப் பெருமை. ஃபெயிலானால் கல்யாணம், எனக்குப் பட்டுப்பாவாடை. இரண்டில் எது நடந்தாலும் நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

பரீட்சை நடக்கும் பள்ளிக்கூடம் மெயின் கார்டு கேட் பக்கம். நீ கூட வந்தால் தைரியமாக இருக்கும் என்றாள் சித்தி. எனக்கு வயிற்றுவலி என்று அம்மாவே ஸ்கூலுக்குப் போன் செய்தாள். காலையிலேயே ஒன்றாம் நம்பர் பஸ் ஏறினோம். சித்திக்கு ஜன்னலோரம். கண்ணை மூடிக்கொண்டு, "ஏதாவது கேளு" என்றாள். நான் கேட்கக் கேட்க விரலை மடித்துப் பதில் சொல்லிக்கொண்டே வந்தாள். முன் சீட்டில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

மாம்பழச் சாலை தாண்டி, காவிரிப் பாலத்தில் ஏறிக் கொஞ்ச தூரத்தில் பஸ் நின்றது. நின்றது நின்றதுதான். பின்னால் ஹாரன் சத்தம் கூடிக்கொண்டே போனது. கண்டக்டர் இறங்கிப் பார்த்துவிட்டு வந்தார்.

"லாரி ஒண்ணு குறுக்கால நிக்குதுங்க. ஆக்ஸில் போயிடுச்சு. இப்போதைக்கு நகராது."

சித்தியின் முகம் வெளுத்துவிட்டது. என்னையே பார்த்தாள். டீச்சர் என்றால் எல்லாம் தெரிந்திருக்கும் என்பது போன்ற பார்வை. பூக்காரம்மாதான் சத்தம் போட்டார்.

"பரீட்சைக்கா போற? உக்காந்திருக்கியேம்மா! இறங்கி ஓடு. அந்தப் பக்கம் ஆட்டோ கிடைக்கும்."

இறங்கினோம். நின்றிருந்த வண்டிகளுக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவில் சித்தி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். கீழே ஆற்றில் ஒரு ஓரமாகத்தான் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது, மீதி எல்லாம் மணல். எதிரே மலைக்கோட்டை வெயிலில் நின்றது, எவ்வளவு ஓடினாலும் கிட்டே வரவே இல்லை. பாதிப் பாலத்தில் என் செருப்பு வார் அறுந்தது. வெறுங்காலோடு ஓடப் பார்த்தேன், சுட்டது. சித்தி நின்றாள். அவளுக்கு மூச்சு வாங்கியது.

"நீ போ சித்தி. நான் திரும்பி வீட்டுக்குப் போயிடுவேன்."

"தனியாவா? அக்கா கொன்னுடும்டி."

"எனக்கு வழி தெரியும். நீ போ!"

அவள் கையை விடவில்லை. நான்தான் உதறினேன். ஒரு நிமிஷம் என்னையும் பாலத்தின் அந்தக் கோடியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு துப்பட்டாவை இடுப்பில் இழுத்துக் கட்டிக்கொண்டு ஓட ஆரம்பித்தாள். எனக்குத் திடீரென்று முக்கியமான ஒன்றைச் சொல்லாமல் விட்ட மாதிரி இருந்தது.

"சித்தி! அடியில இருக்கிற நம்பரைத் தொடாத!"

வண்டிகளில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள். அவள் திரும்பவில்லை. ஓடிக்கொண்டே கையை மட்டும் உயர்த்திக் காட்டினாள். லாரிக்கு அந்தப் பக்கம் அவள் மறைகிற வரைக்கும், செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்குத் தனியாக வந்ததற்கு அம்மா திட்டவில்லை. "நேரத்துக்குப் போயிருப்பாளாடி?" என்றுதான் கேட்டாள். மத்தியானம் வரைக்கும் அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். போயிருப்பாள் என்று நானும் ஒவ்வொரு முறையும் பொறுப்பாகப் பதில் சொன்னேன்.

போயிருந்தாள். தேறியும் விட்டாள். ரிசல்ட் வந்த அன்று என்னைத் தூக்கிச் சுற்றினாள், இருவரும் கட்டிலில் விழுந்தோம். ஸ்கூலில் என் மாணவி பிளஸ் டூ பாஸ் என்று சொல்லித் திரிந்தேன், யாரும் நம்பவில்லை. லால்குடிப் பையனைப் பற்றித் தாத்தா அதற்குப் பிறகு பேசவில்லை. கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன் படிப்புக்கு அப்பா விண்ணப்பம் வாங்கி வந்தார். ஹாஸ்டலுக்குக் கிளம்பும்போது எப்போது வருவாய் என்று கேட்டேன். லீவுக்கு என்றாள்.

இப்போது சித்தி முழுக்கக் கோயம்புத்தூர்க்காரி. வேலை அங்கே, தானே தேர்ந்தெடுத்த மனிதரோடு குடும்பமும் அங்கே. ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் பேசுகிறோம். நன்றாகத்தான் பேசுகிறாள். இருந்தாலும் போனை வைத்த பிறகு, தரையில் காலை நீட்டி உட்கார்ந்து ஏன் ஏன் என்று கேட்டுக்கொண்டிருந்த அந்தப் பெண்ணோடு இன்னும் கொஞ்ச நேரம் இருக்க வேண்டும்போல் இருக்கும்.

அந்த முதல் லீவு நினைவுக்கு வருகிறது. பொங்கலுக்கு வந்தாள். அதற்குள் வகுப்பில் அமிலமும் காரமும் வந்துவிட்டிருந்தன. ரசத்தையும் சோப்புத் தண்ணீரையும் வைத்து எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். சித்தி வந்ததும் குளித்தாள், சாப்பிட்டாள், அம்மாவிடம் ஏதோ பேசியபடியே கூடத்தில் படுத்துத் தூங்கிப்போனாள். மெலிந்திருந்தாள். பெயர் தெரியாத ஏதோ மருந்து வாசனை அவள் கையில் இருந்தது. நான் புத்தகத்தையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு தலைமாட்டில் உட்கார்ந்தேன். அவள் பை வாசல் பக்கத்திலேயே பிரிக்காமல் கிடந்தது. எழுந்ததும் பிரித்துக்கொள்வாள், பிறகு ஆரம்பிக்கலாம் என்று சத்தம் போடாமல் காத்திருந்தேன்.