கபுகி நடிகருக்கு நான் போட்ட பிளாஸ்டிக்

எங்கள் வீட்டில் லமினேட் செய்யாத காகிதம் ஒன்று இருந்தால், அது அன்றைக்குத் தபாலில் வந்ததாகத்தான் இருக்கும். பிறப்புச் சான்றிதழ், கலியாணச் சான்றிதழ், மகள் சின்ன வயதில் வாங்கிய நீச்சல் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் போட்டுவிட்டேன். அகதி விண்ணப்பத்தின்போது என் பிறப்புச் சான்றிதழ் மடிப்பில் கிழிந்திருந்ததைப் பார்த்து அதிகாரி முகத்தைச் சுளித்தார். அன்றைக்குப் பிடித்த வியாதி இது.

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ, ஓவியக் கல்லூரியில் படித்த மகள் ஒரு படத்தைக் குட்மேய்ஸில் இருந்த எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். கபுகி என்ற ஜப்பானிய நாடகத்தின் நடிகர் ஒருவர். மரப்பலகையில் செதுக்கி, மை தடவி, காகிதத்தில் ஒற்றி எடுத்த பழைய படம். பூச்சு அப்பிய முகம், கோணிய வாய், மூக்கைப் பார்க்கும் கண்கள்.

"கவுன்சில் வரிக் கடிதம் வந்தா நீங்களும் இப்பிடித்தான் முழிக்கிறனீங்கள்" என்றாள் மனைவி.

படம் மகளுடையதல்ல. கட்டுரை எழுதுவதற்காக அவளுடைய ஆசிரியை தன் சொந்தச் சேகரிப்பிலிருந்து நம்பிக் கொடுத்தது. திங்கட்கிழமை திருப்பிக் கொடுக்க வேண்டும். "அப்பா, கவனமாப் பாத்துக்கொள்ளுங்கோ" என்று சொல்லிவிட்டுச் சனிக்கிழமை வேலை ஷிப்டுக்குப் போனாள்.

அந்தச் சொல்லை என்னிடம் சொல்லியிருக்கக் கூடாது. படத்தின் ஓரம் கொஞ்சம் நைந்திருந்தது. பார்க்கிங் என்ற பக்கத்து ஊரில் போன் கார்டும் விற்று லமினேஷனும் செய்கிற தமிழ்க் கடைக்காரரிடம் கொண்டுபோனேன்.

"இது சூடு தாங்குமோ அண்ணை?"

"ஓம் ஓம், நல்ல தடிப்பாப் போடும் தம்பி" என்றேன், ஜப்பானில் பிறந்து வளர்ந்தவன் மாதிரி.

மாலையில் மகள் அதைக் கையில் எடுத்தாள். பளபளவென்று மின்னியது. நான் பாராட்டுக்குக் காத்துக்கொண்டு நின்றேன். "இனி இதைப் பிரிக்க ஏலாதப்பா" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் திருப்பிக் கத்தித் தப்பியிருப்பேன்.

திங்கட்கிழமை நானும் கூடக் கல்லூரிக்குப் போனேன். ரயிலில் மன்னிப்பை ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்தேன். கிழிந்த சான்றிதழ் கதையும் அதில் இருந்தது. ஆசிரியை படத்தை வாங்கி, பிளாஸ்டிக்கை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "யார் செய்தது?" என்று கேட்டார். நான் தொண்டையைச் செருமினேன்.

"நான்தான்" என்றாள் மகள்.

"உன்னை நம்பினேனே" என்று மட்டும் சொன்னார் ஆசிரியை. அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். மனப்பாடம் செய்ததில் ஒரு சொல்கூட வெளியே வரவில்லை. வெட்கங்கெட்டவன், மகளின் பின்னால் வெளியே நடந்தேன்.

திரும்பி வரும்போது ரயிலில் கேட்டேன். "ஏன் பிள்ளை அப்பிடிச் சொன்னனி?"

"நீங்கள் அழுதிடுவீங்கள் எண்டு பயந்திட்டன்."

நான் அழுகிற ஆள் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். எதிரில் இருந்த வெள்ளைக்காரி பையைத் திறந்து ஒரு டிஸ்யூவை நீட்டினாள்.