தமிழ் தெரியும் என்பதற்கு ஆதாரம்

"உள்ளூர் மொழியறிவு நேர்காணலில் உரையாடல் மூலம் சோதிக்கப்படும்." மருத்துவக் கல்லூரி வெளியிட்ட வேலை அறிவிப்பின் ஆறாவது விதி இது. தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்த முதியவர்களின் நுரையீரலைப் பற்றி ஓர் ஆய்வு. அதற்குப் பயிற்சியும் கொடுத்து ஓர் ஆராய்ச்சி உதவியாளரை எடுப்பார்கள். தமிழ் பேசத் தெரிந்திருக்க வேண்டும். சுரங்கத்தின் பணியாளர் பிரிவில் காலமெல்லாம் இப்படிப்பட்ட அறிவிப்புகளை எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன், குறை சொல்ல முடியாத விதி. அதனால்தானோ என்னவோ, நேர்காணலில் அதை யாரும் தொடவில்லை.

என் மகள் சமூகப்பணியில் முதுகலை. விடியுமுன் ரயிலேறி பெங்களூருக்குப் போய் இருட்டிய பின் திரும்புகிறவள். அவளுடைய இரண்டு வயதுக் குழந்தை அவளை ஞாயிற்றுக்கிழமை விருந்தாளியாகப் பார்க்கத் தொடங்கியிருந்தது. எங்கள் சுரங்க ஊரான ஊரிகத்திலேயே வேலை என்றதும் அன்றைக்கே விண்ணப்பித்தாள்.

நேர்காணலில் அவளுடைய மதிப்பெண் பட்டியலைப் புரட்டிய தலைவர், "பள்ளியில முதல் மொழி கன்னடம்னு இருக்கே. தமிழ் தெரியும்கிறதுக்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டிருக்கிறார்.

"இப்ப நான் பேசறது தமிழ்தானே சார்?"

"அது சரிம்மா. சர்டிஃபிகேட் இருக்கா?"

தமிழைப் பாடமாகப் படித்த வெளியூர்ப் பெண் ஒருத்திக்கு வேலை கிடைத்தது. நான் விதி எண்ணைக் குறிப்பிட்டு மேல்முறையீட்டைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒப்புகை அட்டை மட்டும் சுறுசுறுப்பாகத் திரும்பி வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுக்காரர், முப்பது வருடம் பூமிக்கடியில் இருந்தவர், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து என் மகளைக் கூப்பிட்டார். அவருக்கு எதிரே புதிய உதவியாளர்.

"தங்களுக்கு மூச்சுத்திணறல் எக்காலத்திலிருந்து உள்ளது?"

"இன்னாம்மா கேக்குது இந்தப் பொண்ணு?"

"மேடு ஏறுனா மூச்சு வாங்குதா மாமா? எப்பத்துலேர்ந்து?"

"அப்டி கேளு. கேஜ் நின்னுபோயி, அம்பது அடி ஏணி ஏறி வந்தேனே, அன்னைலேர்ந்து."

உதவியாளர் பேனாவை நிறுத்தினாள். "கேஜுன்னா கூண்டாக்கா?"

"ஆளுங்கள கீழ எறக்குற லிஃப்ட். எழுதிக்கோ."

நல்ல பெண்தான், அவள்மேல் எனக்கு வருத்தமில்லை. அடுத்த ஞாயிறும் என் மகளைத் தேடி வந்தாள், அதற்கடுத்ததும். குழந்தைக்குக் கிடைத்துவந்த அந்த ஒரு நாளும் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் கழிந்தது. சம்பளமில்லாத வேலை என்பதால் என் மகளிடம் யாரும் சான்றிதழ் கேட்கவில்லை. "ஏம்மா போற?" என்றேன். "நான் போகலன்னா மாமா சொல்றத தப்பா எழுதிடுவாங்கப்பா" என்றாள்.

கடைசியில் கல்லூரியிலிருந்து பதில் வந்தது. ஆறாவது விதி பொருந்துமாம். மனுதாரர் உரையாடல் சோதனைக்கு வரலாமாம். மகள் ரயிலில் இருந்ததால் கையெழுத்துப் போட்டு வாங்கியவன் நான். அது வந்துசேர்ந்த தேதியை உறையின் மேல் குறித்து வைத்தேன்: ஆய்வு முடிந்து உதவியாளர் ஊருக்கு ரயில் பிடிக்கப் பெட்டியோடு பங்காருபேட்டைக்குப் போன ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள், திங்கட்கிழமை.