வந்துச்சா?

எங்கள் மலையூரில் தண்ணீர் திறந்துவிடுவது கைவேலை பாதி, தொண்டை வேலை பாதி. வால்வுக்குழி தெருவின் தொடக்கத்தில் இருக்கும். குழாய் முடிகிற இடம் மூடுபனிக்குள் எங்கோ இருக்கும். திறப்பவர் நீண்ட இரும்புச் சாவியைக் குழிக்குள் விட்டு, இரண்டு கையாலும் திருகி, நிமிர்ந்து, "வந்துச்சா?" என்று கத்துவார். தெருவின் கடைசி வீட்டிலிருந்து "வந்துச்சு!" என்று பதில் வந்தால் அந்தத் தெருவின் கவலை தீர்ந்தது. அடுத்த குழிக்குப் போகலாம்.

அந்த வேலையை முதலில் மாமா பார்த்தார். அவருக்குப் பிறகு அத்தை பார்த்தாள். என் அப்பாவின் கூடப்பிறந்த தங்கை. ஊருக்கு அவள் 'வால்வக்கா'.

ஊரை உண்டாக்கியது ஒரு கல்குவாரிக் கம்பெனி. சரிவைப் படிபடியாக வெட்டி மேல் வரிசை, நடு வரிசை, கீழ் வரிசை என்று வீடுகள் கட்டி, கணக்கெழுதுபவர்களை மேலேயும் கல்லுடைப்பவர்களைக் கீழேயும் குடிவைத்தது. குவாரி மூடியதும் எல்லாம் தலைகீழானது. வசதி உள்ளவர்கள் பஸ் நிற்கும் கீழ்ச்சாலைக்கு இறங்கிவிட்டார்கள். படியேறத் தெம்புள்ளவர்கள் மட்டும் மேலே மிஞ்சினார்கள். மற்றபடி வாழ்க்கை ஈரத்தோடுதான். துணி வெயிலில் காய்ந்ததாக யாருக்கும் நினைவில்லை. அடுப்பு மேல் கொடி கட்டித்தான் உலர்த்துவார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லோரிடமும் ஒரே புகை வாசம். தீப்பெட்டி அரிசி டின்னுக்குள் புதைந்திருக்கும். பட்டப்பகலில் பஸ் விளக்குப் போட்டுக்கொண்டு வரும். எதிரே வருபவர் யாரென்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. செருமலை வைத்து, செருப்புச் சத்தத்தை வைத்து, குரலை வைத்துத்தான் ஆளை அறிவார்கள். ஆகவே குரலில் யாருக்கும் சந்தேகம் வராது.

ஒரு சின்னப் பொய் மட்டும் ஊர் முழுக்க உண்டு. தண்ணீர் வருவதற்கு முன்பே "வந்துச்சு" என்று சொல்லிவிடுவார்கள். பாவம், மனுஷன் பனியில் எவ்வளவு நேரம் நிற்பார், எப்படியும் வரத்தானே போகிறது என்ற இரக்கம். மாமாவுக்கும் அது தெரியும். "குழாய் இருமறதுக்கு முன்னாடியே பதில் வந்துடுது. ரொம்ப நல்ல ஜனங்க" என்று சிரிப்பார்.

மேல் வரிசையின் கடைசி வீடு அவர்களுடையதுதான். மாமா கீழே நின்று கத்துவார், அத்தை மேலே குழாயடியில் நின்று பதில் சொல்வாள். கல்யாணமான புதிதில் அந்த இரண்டு சொல்லைத் தவிர அவர்கள் சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை என்று டீக்கடைக்காரர் இன்றும் கேலி செய்வார். அவருடைய கடை மேல் வரிசை வால்வுக்குழியை ஒட்டியே இருக்கிறது.

விடாமல் மழை பெய்த ஒரு வாரத்தில் மேல் வரிசைக்காரர்கள் ஒவ்வொருவராக உறவினர் வீடுகளுக்கு இறங்கினார்கள். அதில் ஒரு நாள் காலையிலும் மாமா வழக்கம்போலத் திறந்து, கத்தி, பதில் வாங்கிக்கொண்டு போனார். மதியம் அதே டீக்கடையில் அத்தையைப் பார்த்தார்.

"என்னடி, இங்க நிக்கறே? குடத்தையெல்லாம் ரொப்பிட்டியா?"

"காலையிலேயே பெரியக்கா வீட்டுக்கு வந்துட்டேனே. நான் எங்க ரொப்பறது?"

"அப்ப வந்துச்சுன்னு யாரு சொன்னது? உன் குரல் எனக்குத் தெரியாதா?"

"கனவு கண்டிருப்பீங்க."

"இரு, நான் போய்ப் பாத்துட்டு வர்றேன்."

சிரித்துக்கொண்டேதான் படியேறினாராம். டீக்கடைக்காரர் அடுத்த டீயை ஆற்றி முடிப்பதற்குள் மேல் வரிசை மண்ணோடு சரிந்து இறங்கி வந்துவிட்டது. மாமா கிடைக்கவில்லை. கடைசி வீடு மட்டும், பாதிச் சுவரும் முற்றத்துக் குழாயுமாக, அப்படியே நின்றது.

அதற்குப் பிறகு சாவி அத்தையின் கைக்கு வந்தது. மேலே குடியிருக்க யாரும் இல்லாவிட்டாலும் அந்த வால்வைத் தினமும் திறந்தாக வேண்டியிருந்தது. குழாயில் அடைத்துக்கொண்ட காற்று மேலே போய் வெளியேறினால்தான் மற்ற வரிசைகளுக்குத் தண்ணீர் ஏறும். திறப்பாள், பழக்கதோஷத்தில் "வந்துச்சா?" என்பாள், பதிலுக்குக் காத்திராமல் நகர்வாள். போன வருஷம்வரை அப்படித்தான்.

ஊருக்குப் புதிய குழாய் போடும் வேலை முடியும் தறுவாயில் இருந்தது. மேல் வரிசைக் குழாயை வெட்டி, வாயை வெல்டிங் வைத்து அடைப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அத்தைக்கு இனி அங்கே வேலையில்லை. அவளை என்னோடு வெளிநாட்டுக்கு அழைத்துவரத்தான் போனேன். படிகளில் பாசி, சுவர்களில் விரிசல். அவள் போனை எடுக்கத் தாமதித்த ஒவ்வொரு முறையும் டீக்கடைக்காரரை அழைத்துப் பார்த்துவரச் சொல்வேன்.

"வரமுடியாதுடா, மருமகனே. மேலேருந்து பதில் வருது" என்றாள் அத்தை.

"எதிரொலியா இருக்கும் அத்தை."

"எதிரொலின்னா நான் 'சா'ன்னு கத்துனா 'சா'ன்னுதானே திரும்பும்? 'சு'ன்னு வருது."

டீக்கடைக்காரர் கண்ணாடித் தம்ளரைக் கழுவிக்கொண்டே, "நம்ம ஊரு எதிரொலிக்குக் கேள்வி எது, பதில் எதுன்னு தெரியுது தம்பி" என்றார். அவர் சிரிக்கவில்லை.

"மாமா குரலா?" என்று கேட்டேன்.

"அவரா இருந்தா நான் ஏன் பயப்படறேன்? என் குரல்டா. அந்த வயசுல எனக்கிருந்த குரல்."

கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். நான் மேலே போய்க் குழாயடியில் நிற்க வேண்டும். அவள் கீழே திறந்து கத்துவாள். நான் வாயைத் திறக்கக் கூடாது. மேலே யாரும் இல்லை, எந்தச் சத்தமும் இல்லை என்று நான் வந்து சொன்னால், அது தன் காதுக்கோளாறு என்று ஒப்புக்கொண்டு என்னோடு பஸ் ஏறிவிடுவாள்.

போனேன். பாதிக்கு மேல் படிகள் இல்லை. மண்ணில் கால் பதித்து ஏறினேன். பனியில் என் முழங்கைக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. வீடு திடீரென்று முன்னால் வந்து நின்றது. சமையலறைச் சுவரின் நீலச் சுண்ணாம்பு, அதில் ஒரு ஆணி. முற்றத்தில் குழாய். அதன் கீழே, குடம் வைத்து வைத்துக் குழிந்த கல். அந்தக் குழி ஈரமாக இருந்தது. பனிதான் என்று சொல்லிக்கொண்டேன்.

கீழேயிருந்து அத்தையின் குரல் ஏறி வந்தது. "வந்துச்சா?"

குழாய் இரண்டு முறை இருமியது. காற்று மட்டும். ஒரு சொட்டுகூட வரவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அங்கே யாரும் பேசவில்லை. உள்ளங்கையால் வாயைப் பொத்தியிருந்தேன். ஒரு பூச்சியின் சத்தம்கூட இல்லை. சற்று நேரத்தில் கீழே இரும்புச் சாவி திருகும் கிரீச் ஒலி கேட்டது. வால்வை மூடுகிறாள்.

அப்பாடா என்று இறங்கினேன். டிக்கெட்டை எந்தத் தேதிக்குப் போடலாம் என்றுகூட யோசித்துக்கொண்டு வந்தேன்.

அத்தை குழியருகே உட்கார்ந்திருந்தாள். "வாயைத் திறக்காதேன்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே. ஏண்டா பதில் சொன்னே?"

"நான் சொல்லவே இல்லையே."

"நானும் கேட்டேன் தம்பி" என்றார் டீக்கடைக்காரர். "அச்சு அசலா உங்க குரல். 'வந்துடுச்சு'ன்னீங்க."

எங்கள் ஊரில் யாரும் 'வந்துடுச்சு' என்று சொல்வதில்லை. வெளியூரில் படித்து, வெளிநாட்டில் பிழைத்து, ஊர்ப்பேச்சு கலைந்துபோன நான்தான் அப்படிச் சொல்வேன். அன்று காலை டீ வந்தபோதும் அப்படித்தான் சொல்லியிருந்தேன். அதற்காகவே அத்தை என்னைக் கேலி செய்திருந்தாள்.

எனக்குப் பயத்தைவிட வீம்புதான் முதலில் வந்தது. யாராவது சுவருக்குப் பின்னால் ஒளிந்திருக்க வேண்டும். அந்தப் பக்கம் நான் பார்க்கவில்லை.

"இருங்க, நான் போய்ப் பாத்துட்டு வர்றேன்" என்று திரும்பினேன்.

அத்தை என் மணிக்கட்டைப் பிடித்தாள். சாவி திருகித் திருகிக் காய்ப்பேறிய கை, எலும்பு வலித்தது.

"அவரும் இதையேதான்டா சொன்னாரு."

பிறகு அவள் சாவியை டீக்கடைக்காரரிடம் கொடுத்தாள். வீட்டுக்குப் போனாள்; அடுப்பு மேல் கொடியில் கிடந்த ஈரப் புடவைகளை அப்படியே பையில் திணித்தாள். மத்தியான பஸ்ஸில் மேல் வரிசைப் பக்கமிருந்த ஜன்னலோரம் என்னை உட்காரவிடவில்லை.

இப்போது எங்கள் வீட்டில் அவள் பக்கத்து அறையிலிருந்து யாரையும் கூப்பிடுவதில்லை. யாராவது கூப்பிட்டாலும், எழுந்து வந்து முகத்தைப் பார்த்த பிறகுதான் "என்ன?" என்கிறாள். என் மனைவிக்கு முதலில் அது வேடிக்கையாக இருந்தது. நானும் அப்படியே செய்ய ஆரம்பித்ததும் வேடிக்கை போய்விட்டது.

சென்ற வாரம் டீக்கடைக்காரர் போன் செய்தார். குழாயை வெட்ட வெல்டிங் ஆட்கள் வந்திருக்கிறார்களாம். தண்ணீர் ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று பார்க்க, அவர்களில் ஒருவன் வால்வைத் திறந்துவிட்டுச் சும்மா மேலே பார்த்து "வந்துச்சா?" என்று கத்தியிருக்கிறான்.

"தம்பி, அக்கா அங்கதானே இருக்காங்க?"

அத்தை என் எதிரே மேஜையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என் வாயையே பார்த்தாள்.

"இங்கதான் இருக்காங்க. ஏன்?"

அவருக்குப் பின்னால் பால் பொங்கி அடுப்பில் வழியும் சத்தம் எனக்குக் கேட்டது.

"ஒண்ணுமில்ல" என்றார். "ஆளுங்க மேல போய்ப் பாத்துட்டு வர்றோம்னு கிளம்பறாங்க. வழியை மறிச்சு பெஞ்சைப் போட்டிருக்கேன். யாரையும் விடமாட்டேன்னு அக்காகிட்ட சொல்லிடுங்க."