எண்பத்துநாலு சதவீதம்

வீட்டைச் சூடாக்கும் பாய்லரில் க்ளோவிஸ் மிஷோ கை வைத்தால் எண்ணெய் மிச்சமாகும். அதை நான் மறுக்கவில்லை. பர்னரைத் துடைத்து, எண்ணெய் பீச்சும் முனைக்குச் சின்ன நாசில் மாட்டி, காற்றை அளந்து வைத்து, எரிகிற எண்ணெயில் எத்தனை சதவீதம் வீட்டுக்குச் சூடாகக் கிடைக்கிறது என்று பாய்லர் மேலேயே சாக்கட்டியால் எழுதிவிட்டு வருவான். பிறகு கடைக்கு வந்து பீற்றுவான். போன் எடுக்க உட்கார்ந்திருக்கும் நான்தான் கேட்டாக வேண்டும்.

அந்த ஜனவரியில் எண்ணெய் விலை எக்கச்சக்கம். ஒரு மதியம் பனி பூட்ஸோடு உள்ளே வந்தான்.

“எட்வினா அக்கா வீட்ல எண்பத்துநாலு! புகை பார்க்கிற தாள் வெள்ளைவெளேர்னு வந்துச்சு. இந்த ஊர்ல வேற எவன் பண்ணுவான்?”

“சிலை வெச்சிடுவோம். பாய்லர் இருக்கிற நிலவறையோட வெளிக்கதவைத் திறந்து வெச்சுத்தானே அளந்தே?”

எண்ணெய் வாடை அவனுக்கு ஆகாது. வெளியே எவ்வளவு குளிரடித்தாலும் கதவை விரியத் திறந்துவிட்டுத்தான் வேலை செய்வான். ஊரே கேலி செய்யும்.

“எப்பவும்போலத்தான். வரும்போது மூடிட்டேன்.”

“உன் பேச்சைக் கேட்டு அக்கா சூடு வெளியே போகாம ஜன்னலெல்லாம் பிளாஸ்டிக் ஒட்டியிருக்காங்களே. இப்போ பர்னருக்குக் காத்து எங்கேருந்து வரும்?”

அவன் முகம் செத்துவிட்டது. காற்றில்லாமல் எரிந்தால் வருகிற விஷவாயுவுக்கு வாடையே கிடையாது. நான் போன் போட்டேன். பன்னிரண்டு முறை அடித்தும் யாரும் எடுக்கவில்லை.

எட்வினா வீடு நாலு மைல். வேனில் “முட்டாள், முட்டாள்” என்று தன்னையே திட்டிக்கொண்டு வந்தான். எனக்கும் ஆத்திரம்தான்.

எட்வினா சமையலறை மேஜையில் தலை சாய்ந்து கிடந்தாள். தட்டில் பாதி தின்ற கோதுமை ரொட்டி. க்ளோவிஸ் நிலவறைப் படிக்கட்டு மேலிருந்த பாய்லரின் சிவப்பு சுவிட்சை அணைத்து, நாற்காலியால் ஜன்னலை உடைத்தான். இருவருமாக அவளைப் பனியில் இழுத்துப் போட்டோம். எவ்வளவு நேரமோ தெரியாது. ஒருவழியாக வாந்தியெடுத்துக் கண் திறந்தாள்.

“டேய்... ஜன்னலையா உடைச்சே? சூடெல்லாம் போகுதுடா.”

அவன் பனியில் உட்கார்ந்து சத்தமாக அழுதான்.

அவள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபின், வெளிக்காற்று வர பர்னருக்கு ஒரு குழாய் போட்டான். எல்லாக் கதவையும் சாத்தி, அரைமணி காத்திருந்து அளந்தான். எண்பது. பழையதை அழித்து எழுதினான்.

படிமேல் நின்ற எட்வினா கேட்டாள்: “எண்பத்துநாலுன்னியேடா?”

“அது கதவு வாங்கின மார்க்குக்கா. என்னுது இவ்வளவுதான்.”