கூடை வைத்தவளுக்கே இடம்

எங்கள் மார்க்கெட்டில் யாரும் நீதி என்று சொல்ல மாட்டார்கள். அது தேர்தல் சமயத்தில் மைக்கில் வரும் வார்த்தை. எங்கள் வாயில் வருவது நியாயம். அதுவும் முழுதாக வராது, நாயம் என்றுதான் வரும். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லி என்னை அடித்திருக்கிறார்கள், என்னிடம் பேரம் பேசியிருக்கிறார்கள். கடைசியில் என் இடத்தையும் அதைச் சொல்லித்தான் பிடுங்கினார்கள்.

இடம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. திருவொற்றியூரில், கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் எங்கள் மீன் மார்க்கெட். வாசலை ஒட்டி ஒரு கருங்கல் பலகை. ஒருத்தி கால் மடக்கி உட்கார்ந்து முன்னால் மீனைப் பரப்பினால் நிறைந்துவிடும். என் அம்மா அதில் உட்கார்ந்துதான் என்னையும் தம்பியையும் வளர்த்தாள். அதற்குப் பட்டா கிடையாது, ரசீது கிடையாது. நாலு பேருக்குத் தெரியும், அவ்வளவுதான்.

கல்யாணமாகிக் கொஞ்ச காலத்திலேயே புருஷன் என்னை விட்டுவிட்டுப் போனான். நான் தேடவில்லை. கைக்குழந்தையோடு அம்மா வீட்டுக்கு வந்தேன். அதே வீட்டில்தான் தம்பி, பின்னால் அவன் பெண்டாட்டி, பிள்ளைகள். மறுநாளே அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். காசிமேட்டு ஏலத்தில் மீன் எடுப்பது, ஷேர் ஆட்டோவில் கூடையை ஏற்றுவது, ஐஸ் உடைப்பது எல்லாம் என் வேலை. அம்மா விலை சொல்வாள். அவளுக்குக் கண் மங்கியபின் விலையும் நானே சொன்னேன்.

சின்ன வயதில் நான் எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால் அம்மா கன்னத்தில் விடுவாள். "இன்னாடி, நாயம் பேசற?" என்பாள். தம்பிக்கு மட்டும் ஏன் முட்டை என்று கேட்டதற்கு விழுந்த அடி இன்னும் நினைவிருக்கிறது. பெண் பிள்ளை பேசினால் நியாயம் என்பது வாய்க்கொழுப்பு. ஸ்கூட்டரில் வந்து இறங்கும் அம்மாக்கள் "நியாயமா சொல்லும்மா" என்பார்கள். அவர்களுக்கு நியாயம் என்றால் நான் இறங்கி வருவது, எப்போதும் நான் மட்டும் இறங்கி வருவது. தம்பி குடித்துவிட்டு வந்தால் தெருவில் போகிறவனையெல்லாம் நிறுத்தி, "நாயத்த நீயே சொல்லு மாமு" என்று கையைப் பிடித்துக்கொள்வான். நிறுத்தப்பட்டவன் சொல்ல வாயெடுத்தால் தம்பி அடிக்கப் போவான்.

ஒருநாள் அம்மாவுக்கு ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துவிட்டன. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பெண்கள் வார்டில் கூட இருக்க ஒரு பெண் வேண்டும். அம்மா என்னைத் தவிர யாரையும் தொட விடவில்லை. நான் அங்கேயே கிடந்தேன்.

எங்கள் மார்க்கெட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு கல் சில நாள் காலியாகக் கிடந்தால் வேறொருத்தி தன் கூடையைக் கொண்டுவந்து வைத்துவிடுவாள். பிறகு அவளை எழுப்ப முடியாது. அதனால் உடம்புக்கு முடியாதவளும் பிள்ளை பெறப் போனவளும் தன் வீட்டு ஆளை அனுப்பிக் கூடையை வைக்கச் சொல்வார்கள். திரும்பி வந்தால் அவள் இடம் அவளுக்கே. வராமல் செத்துப்போனால், அவள் சாகிற நேரத்தில் எவள் கூடை கல்லின் மேல் இருந்ததோ, இடம் அவளுக்கு. எனக்கு இது நன்றாகத் தெரியும். அம்மா சாவாள் என்றுதான் தெரியவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து தம்பி பெண்டாட்டிக்குப் போன் போட்டேன். "ஏமே, நாளைலேர்ந்து நீ போய் கூடைய வை" என்றேன்.

"எனக்கு இன்னா தெரியும் அண்ணி? மீனுன்னா துன்னத்தான் தெரியும்."

"பக்கத்து கல்லு அக்கா ஏலத்துல எடுத்துக் குடுக்கும். நீ சும்மா குந்திகினு இரு, போதும்."

அவள் போய் உட்கார்ந்தாள். அம்மா வீடு திரும்பவில்லை.

காரியம் முடிந்தபின் நான் கூடையோடு போனேன். அவள் கல்லில் இருந்தாள். எழுந்திரு என்றேன். "நான் இன்னாத்துக்கு எய்ந்துக்கணும்?" என்று கேட்டாள். முகத்தைப் பார்த்துக் கேட்கவில்லை, மீனைப் பார்த்துக் கேட்டாள். அங்கேயே கத்தினேன். யாரோ "நாயத்துல வெச்சிக்கங்கமே, யாவாரத்த கெடுக்காதீங்க" என்றார்கள்.

மத்தியானம் வியாபாரம் முடிந்து, மீன் கிரேட்டுகளைக் கவிழ்த்துப் போட்டு மார்க்கெட் பெண்கள் நியாயம் பேச உட்கார்ந்தார்கள். நடுவில் அம்மாவின் சிநேகிதி. மார்க்கெட்டே அவளைப் பெரீம்மா என்றுதான் கூப்பிடும்.

"சொல்லுமே, இன்னா உன் பிராது?" என்றாள் என்னிடம்.

"எங்கம்மா எடம் பெரீம்மா. இத்தினி வருசமா கூட குந்துனது நான். இவ மீன மோந்து பாத்ததுகூட கெடையாது."

"உங்கம்மா சாவறப்போ கல்லு மேல யார் கூடை இருந்துச்சி?"

"இவ கூடை. நான்தானே வெக்கச் சொன்னேன்!"

"யார் சொன்னா இன்னா? வெச்சவ யாரு?"

பின்னாலிருந்து ஒருத்தி, "ஆஸ்பத்திரிக்கே கூடைய எடுத்துகினு போயிருந்தா அங்க ஒரு கல்லு கெடச்சிருக்கும்" என்றாள். சிரித்தார்கள். என் அம்மாவுக்கு மூத்திரச்சட்டி பிடித்துக்கொண்டிருந்ததற்குத்தான் அந்தச் சிரிப்பு.

தம்பி பெண்டாட்டி அழுதுகொண்டே பேசினாள். "எங்கூட்டு ஆளு குடிச்சிட்டு குப்புற கீறான். எனக்கும் ரெண்டு புள்ள கீது. அண்ணிக்கி தொழில் தெரியும், எங்க போனாலும் பொயச்சிக்கும். இந்தக் கல்லு இல்லன்னா நான் எங்க போவேன்?"

அவள் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. பொய் சொல்லியிருந்தால் மூஞ்சியில் துப்பியிருப்பேன்.

தம்பியும் வந்துவிட்டான். "நீ கட்டிக்குடுத்த பொண்ணு, அக்கா. நாயத்துக்குப் பாத்தா மருமவளுக்குத்தான் வரணும்" என்றான்.

"அம்மாவுக்கு ஒருநாள் கஞ்சி ஊத்தினியாடா? நீ வாயத் தொறக்காத."

"ஆம்பளைக்கு இங்க இன்னா வேல? கெளம்பு நைனா" என்று பெரீம்மா அவனை விரட்டினாள். பிறகு என்னைப் பார்த்தாள். "இன்னிக்கி உனுக்கு வுட்டா, நாளைக்கி ஆஸ்பத்திரிக்குப் போறவளுக்காக எவளும் வந்து குந்த மாட்டா. கல்லு காலியா கெடந்தா எவளோ வந்து கூடைய வெச்சிப்பா. எடம் அவளுக்குத்தான்." குரலை இறக்கி, "எனக்கே மனசு கேக்கலடி. ஆனா நாயம் அதான்" என்றாள்.

"உன் மனசே கேக்கலன்னா அது இன்னா நாயம் பெரீம்மா?" என்றேன். அவள் எழுந்துவிட்டாள். கிரேட்டுகளை நிமிர்த்தி அடுக்க ஆரம்பித்தார்கள். பக்கத்து கல் அக்கா என் தோளைத் தொட்டு "அநியாயம்டி" என்றாள். அடுத்த மூச்சிலேயே புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டு, "இன்னாமே இது, அநியாயத்துக்கு வெயிலு காயுது" என்றாள். இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னாள்.

போலீசுக்குப் போ என்று சிலர் சொன்னார்கள். போய் எதைக் காட்டுவது? அந்தக் கல் என் அம்மாவுடையது என்று ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

இப்போது மார்க்கெட்டின் பின்பக்கம், சாக்கடை ஓரம் உட்கார்ந்து மீன் வெட்டிக் கொடுக்கிறேன். அங்கிருந்து வாசல் கல் நேராகத் தெரியும். வாங்கியவர்கள் கொண்டுவந்து கொடுப்பார்கள், நான் செதில் எடுத்துத் துண்டு போட்டுக் கொடுப்பேன். அம்மாவின் கல்லில் வாங்கியதும் என்னிடம் வரும். ஒரு வருடமாகியும் தம்பி பெண்டாட்டிக்குத் தொழில் பிடிபடவில்லை.

போன வாரம் அங்கிருந்தே கத்தினாள். "அண்ணி, இந்த சங்கரா இன்னா வெல சொல்லட்டும்?"

பதினொரு மணி வெயில். அந்த சங்கரா மீனின் செவுள் காலையில் கூடை இறங்கும்போதே வெளுத்திருந்ததை நான் பார்த்திருந்தேன். கேட்ட விலைக்குக் கொடுத்துவிட வேண்டிய மீன்.

"சொல்லு அண்ணி, பார்ட்டி போவுது."

நான் வேறு யாருடைய மீனின் தலையையோ நறுக்கிக்கொண்டிருந்தேன். கத்தியை நிறுத்தவில்லை. அவள் வாய்க்கு வந்த ஒரு விலையைச் சொன்னாள். வந்தவர் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

சாயங்காலம் அந்த சங்கரா வீட்டுக்கு வந்தது; இன்னும் எல்லோரும் ஒரே வீட்டில்தான். அவள்தான் குழம்பு வைத்தாள். பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்துப் போட்டாள். என் மகள் தட்டில் நடுத்துண்டாகப் பார்த்து இரண்டு வைத்தாள். எனக்கும் ஊற்ற வந்தாள். தட்டைக் கையால் மூடிக்கொண்டு வெறும் சோற்றைத் தின்றேன்.