கீழப் பக்கம் நிக்கிறேன், வாங்க!

போன வாரம் விசாகப்பட்டினத்தில் ஒரு மலை உச்சியில் வைத்து என் வீட்டுக்காரரைத் தொலைத்துவிட்டேன்.

பதற வேண்டாம், கிடைத்துவிட்டார். இந்த வாரம் என்ன எழுதப் போகிறேனோ என்று முற்றத்தில் இருந்து எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எல்லாவற்றையும் எழுதத்தான் போகிறேன்.

முதலில், இந்தப் பயணம் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். இவர் துபாயில் பதினெட்டு மாடிக் கட்டடம் ஒன்றில் மெயின்டனன்ஸ் வேலை பார்த்தவர். இருபத்துநாலு வருஷம்! 'இனிப் போக மாட்டேன்' என்று பெட்டியைத் தூக்கிப் பரண் மேல் போட்டு ஆறு மாசம்தான் ஆகிறது. அதற்குள் பழைய மேனேஜர் போன் செய்துவிட்டார். இன்னும் ரெண்டே ரெண்டு வருஷம், வந்துவிடுங்கள் என்று. இவர் முடியாது என்று சொல்லவில்லை. "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்றார். சொல்லிவிட்டுப் பரணை வேறு அண்ணாந்து பார்த்தார்.

'போகாதீங்க' என்று நேராகச் சொல்லலாம்தான்... சொல்லிப் பழக்கம் வேண்டுமே? அதனால் டூருக்கு ஏற்பாடு செய்தேன். கல்யாணம் ஆனதிலிருந்து தர்கா இல்லாமல், சொந்தக்காரர் விசேஷம் இல்லாமல், ஆஸ்பத்திரி இல்லாமல் நாங்கள் இரண்டு பேர் மட்டும் எங்கேயும் போனதில்லை. நாலு நாள் என் கூடவே சுற்றினால் மனுஷனுக்கு வீட்டோடு இருப்பதில் ஒரு ருசி வந்துவிடாதா? வெளியூருக்குக் கூட்டிப் போய் உள்ளூரில் உட்கார வைப்பது — இதுதான் என் திட்டம்.

எங்கள் ஊர் புதுமடத்தில் விஷயம் பரவியது. பக்கத்து வீட்டு ஜொகரா லாத்தா (அக்காவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) நேராக வந்துவிட்டார்.

"கடலைப் பாக்கவா ரயிலேறிப் போறீக? கொல்லைக் கதவைத் தொறந்தாத் தெரியுது. நம்ம கடல் என்ன குத்தம் செஞ்சுச்சு?"

"அங்கன மலையும் இருக்காம் லாத்தா."

"மலைய வச்சு என்ன செய்ய? மீனா கெடைக்கும்?"

கிளம்பிவிட்டோம்.

விசாகப்பட்டினம் அழகான ஊர். டூர் பஸ்ஸில் போகாதவர்களுக்கு இன்னும் அழகாக இருக்கும். எந்த இடமானாலும் பத்தே நிமிஷம் என்பது கைடின் உத்தரவு. முதல் ஐந்து நிமிஷம் செல்ஃபி. அடுத்த ஐந்து நிமிஷம் பாத்ரூம் எங்கே என்ற தேடல். அப்புறம் இடத்தை எப்போது பார்ப்பது? ஊருக்குத் திரும்பிய பிறகு, செல்ஃபியில் நம் தலைக்குப் பின்னால் ஏதோ தெரியுமே, அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இவரோ எதைக் கண்டும் அசரவில்லை. உயரமான கட்டடமா? "எங்க பில்டிங்ல பாதி வராது." கடற்கரை ரோடா? "அங்க இதைவிட அகலம்." தலைக்கு மேல் ஒரு ஹெலிகாப்டர் போனது, பஸ்ஸே அண்ணாந்து பார்த்தது. "நம்ம உச்சிப்புளி நேவி ஏர்போர்ட்ல நாம பாக்காததா?" என்று கண்ணை மூடிக்கொண்டார். கூட்டிப் போனவளுக்கு எப்படி இருக்கும்? மூன்று நாளில் என் திட்டம் பல்லிளித்துவிட்டது என்றே நினைத்தேன்.

ஒரே ஒரு இடத்தில்தான் மனுஷன் நின்றார். கரையில் ஒரு நீர்மூழ்கிக் கப்பலைக் கொண்டுவந்து நிறுத்தி மியூசியமாக ஆக்கியிருக்கிறார்கள். உள்ளே குனிந்து, ஒடுங்கி, பக்கவாட்டில் நடக்க வேண்டும். மாலுமிகள் படுக்க ஒன்றன்மேல் ஒன்றாகப் பலகைகள். 'ஐயோ பாவம், இதில் எப்படித் தூங்கினார்களோ!' என்று பஸ்ஸில் வந்தவர்கள் எல்லாம் உச்சுக்கொட்டினார்கள். இவர் மட்டும் அந்தப் பலகையைத் தடவிப் பார்த்தார்.

"எங்க ரூமும் இப்படித்தான். எட்டுப் பேரு" என்றார்.

'ரூம் வசதியா இருக்கு, ஏசி இருக்கு' என்றுதானே ஒவ்வொரு போனிலும் சொன்னார்? வெளியே வந்து கேட்டேன். "ஏசி இருந்துச்சே!" என்றார். கப்பலிலும்தான் எல்லாம் இருந்தது.

கடைசி நாள் கைலாசகிரி. ரோப் காரில் மலை உச்சிக்குப் போனோம். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஊர். அதிசயமாக, இங்கே அரை மணி நேரம் என்றார் கைடு. இவர் டீ வாங்கப் போனார். நான் கடல் தெரிகிற பக்கம் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போன் வந்தது.

"எங்கன நிக்கிற?"

"கீழப் பக்கம் நிக்கிறேன், வாங்க."

இங்கே ஒரு விளக்கம் தேவை. எங்கள் ராமநாதபுரம் தட்டையான பூமி. ஏறி இறங்கக் கண்மாய்க் கரை, பனைமரம், அதை விட்டால் பாம்பன் பாலம். அதனால் எங்களுக்குக் கீழ என்றால் கிழக்கு, மேல என்றால் மேற்கு. கீழத் தெரு, மேலத் தெரு, கீழக்கரை... கீழக்கரைக்கு யாராவது படியிறங்கியா போகிறார்கள்? ஆனால் பதினெட்டு மாடிக்கு லிப்டில் ஏறி இறங்கிய மனுஷனுக்கு ஊர்ப் பேச்சு மறந்துவிட்டது. நான் கிழக்கே நிற்கிறேன். இவர் இரண்டு டீயோடு ரோப் காரில் ஏறி மலையடிவாரத்துக்கு இறங்கிவிட்டார்.

மறுபடி போன். "கீழ வந்துட்டேன். உன்னைக் காணோமே?"

"நானும் கீழதான் நிக்கிறேன். கண்ணு தெரியலையா?"

"ரோப் கார்கிட்டயா?"

"அங்கன ஏன் போனீக? நான் நகரவே இல்ல!"

"அட ஆண்டவனே... மேலயா இருக்க? சரி, நான் மேல வாரேன். நீ மேலயே நில்லு."

மேலப் பக்கம் வருகிறார் என்றால் நான் எங்கே நிற்க வேண்டும்? பதறி அடித்துக்கொண்டு மேற்கே ஓடினேன். அவர் உச்சிக்கு வந்து, கடைசியில் அறிவு தெளிந்து கிழக்கே போய்த் தேடியிருக்கிறார். நான் அங்கே இல்லை. பஸ் கிளம்பும் நேரம் தாண்டிவிட்டது. கைடு போன் செய்து தெலுங்கில் என்னவோ திட்டினார். பஸ்ஸும் போய்விட்டது. மூன்றாவது முறையாக இவர் போன்.

"ஒரு எடத்துல நிக்கத் தெரியாதா உனக்கு? மேலன்னா மேல நிக்க மாட்டியா?"

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ!

"மேலயும் வேணாம், கீழயும் வேணாம்! துபாயும் வேணாம்! ரெண்டு வருஷம் ரெண்டு வருஷம்னுதானே இருவத்தினாலு வருஷம் போச்சு? இனி என்னால தனியா இருக்க முடியாது மச்சான். என் பக்கத்துல வந்து நில்லுங்க!"

கத்திய பிறகுதான் சுற்றிப் பார்த்தேன். தெலுங்கு ஊர்தானே, யாருக்குப் புரியப் போகிறது? பக்கத்தில் முறுக்கு தின்றுகொண்டிருந்த குடும்பம் தின்பதை நிறுத்தியிருந்தது. "நாங்க மதுரைங்க" என்றார் அந்த அம்மா. "நல்லாக் கேட்டீங்க அக்கா, விடாதீங்க."

போனை மறுபடி காதில் வைத்தேன்.

"லைன்ல இருக்கீகளா?"

"இருக்கேன்... அப்ப ஏன் ஒவ்வொரு தடவையும் 'நல்லா இருக்கேன்'னே சொன்ன?"

"நீங்களும் அதத்தானே சொன்னீக!"

எங்கள் பக்கம் பாதி வீடுகளில் குடும்பம் நடப்பது போனில்தான். அதில் இரண்டு பக்கமும் நல்லாத்தான் இருக்கும். இங்கே பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் நல்லா இருக்கோம். அங்கே எட்டுப் பேர் அடைந்து கிடந்தாலும் நல்லா இருக்கேன். ஒருவர் மனசு நோகக் கூடாதே என்று இரண்டு பேரும் காலமெல்லாம் பொய் சொல்லும் குடும்பங்கள் எங்கள் ஊரில்தான் அதிகம் என்று நினைக்கிறேன்.

கொஞ்ச நேரத்தில் இவர் என்னைக் கண்டுபிடித்து வந்து பக்கத்தில் நின்றார். கையில் அந்த இரண்டு டீ. மலை இறங்கி, ஏறி, ஜில்லென்று ஆறிப் போயிருந்தது. அப்படியே குடித்தோம். துபாய் பற்றி இவர் மூச்சு விடவில்லை. ரயிலிலும் விடவில்லை. உச்சிப்புளி ஸ்டேஷனில் இறங்கும்போதும் நான் இவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். கேட்டுத் தொலைத்தாயிற்று, இனிப் பதில் என்ன வருமோ?

நேற்று மேனேஜர் போன் செய்தார். நான் அடுப்படியில் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இல்ல சார், வர முடியாது" என்றார் இவர். "வீட்டுக்காரிக்குத் திசை தெரியாது சார். தனியா விட முடியாது."

எனக்குத் திசை தெரியாதாம்! இருக்கட்டும்... இங்கேயே இருந்துகொண்டு என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும்.