சண்டையில்லாத காட்சி

எஸ்டேட் பங்களாவில் சினிமா எடுக்க வருகிறார்கள் என்றதும் நான் எதிர்பார்த்தது சண்டையைத்தான். ஒரு ஜீப்பாவது காப்பிச் செடிகளுக்குள் உருளும் என்று வகுப்பில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். அப்போது நான் நான்காம் வகுப்பு. அப்பா அந்த எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் என்பதால் என்னையும் அத்தையையும் வராந்தா ஓரத்தில் நிற்க விட்டார்கள்.

போய்ப் பார்த்தால் இரண்டு நடிகர்கள் மேஜைக்கு எதிரும் புதிருமாக உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மற்றவருடைய தம்பியைக் கொன்றவராம். லைட் பிடித்துக்கொண்டிருந்த அண்ணன் சொன்னார். ஆனால் அவர்கள் பேசியது மழையைப் பற்றி. அதையும் பதினோரு தடவை பேசினார்கள். யாருடைய குரலாவது உயர்ந்தால் டைரக்டர் நிறுத்திவிடுவார். "விஷயத்தைத் தொடாதீங்க சார், பக்கத்துலயே சுத்துங்க" என்பார். போதாக்குறைக்குக் கேமரா, பேசுகிறவரை விட்டுவிட்டுக் கேட்கிறவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. இதைக்கூடக் கவனிக்காமல் ஒரு டைரக்டரா என்று எனக்கு இளக்காரம்.

அத்தை மட்டும் கண் இமைக்காமல் நின்றாள். எங்கள் ஊர் கொட்டச்சேட்டுக்குத் திரும்பி நடக்கும்போது, "எனக்கு நொம்ப பயமா இருந்துச்சு கண்ணு" என்றாள். மழையைப் பற்றிப் பேசியதில் என்ன பயம் என்று நான் சிரித்தேன்.

அத்தை அப்பாவின் தங்கை. வாழப்பாடிப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தார்கள். காப்பிப் பழம் பறிக்க ஒத்தாசையாக வந்திருக்கிறாள் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். பழமெல்லாம் பறித்தாயிற்று, அடுத்த பூவும் பூத்து உதிர்ந்துவிட்டது. அத்தை போகவில்லை. இதற்கு முன்னும் இரண்டு முறை அப்படி வந்து தங்கியிருக்கிறாள். இரண்டு முறையும் மாமா வந்து "அனுப்பி வைங்க மச்சான்" என்று ஒரு வார்த்தை கேட்டார். அப்பாவும் அனுப்பி வைத்தார். மூன்றாம் முறை வந்தபோது அவளுடைய இடது மணிக்கட்டு கோணியிருந்தது. கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்றார்கள். பார்த்து நடக்கத் தெரியாத அத்தை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

படப்பிடிப்பு முடிந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, வாடகைக் காரில் மாமா வந்தார். கையில் பழமும் மிக்சரும், எனக்கு ஒரு பேனாவும். அவர் வருவது தெரிந்து அம்மா காலையிலேயே அத்தையின் பையைக் கட்டிக் கதவோரம் வைத்திருந்தாள். அப்பாவுக்கு எதிர்ப்பேச்சு வராது என்பது அம்மாவுக்குத் தெரியும்.

அப்பா முறத்தில் மிளகை வைத்துக் காம்பிலிருந்து உதிர்த்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே, "வழியெல்லாம் மஞ்சு மூட்டமுங்களா மாப்ள?" என்று கேட்டார்.

"இல்லீங்க மச்சான். இருந்தாலும் பழகுன ரோடுதானுங்களே."

"கொண்டை ஊசியில வண்டி சூடாயிருக்குமே?"

"மெதுவா வந்தா ஆகாதுங்க. நானு எதையும் அவசரப்படுத்த மாட்டேனுங்க" என்று மாமா சிரித்தார்.

பிறகு மிளகு விலை, பங்குனி வெயில், யாரோ ஒருவருடைய முழங்கால் வலி. அரை மணி நேரம் இதே பேச்சு. அப்பா உதிர்த்து முடித்த காம்புகளையே மறுபடி எடுத்து உதிர்த்துக்கொண்டிருந்தார். கதவோரத்துப் பையை ஒருவரும் பார்க்கவில்லை. நான் தரையில் உட்கார்ந்து புதுப் பேனாவால் கிறுக்கிக்கொண்டிருந்தேன். உள்ளறைத் திரைக்குக் கீழே அத்தையின் பாதங்கள் மட்டும் தெரிந்தன. கால்விரல்கள் தரையை இறுகப் பற்றிக்கொண்டிருந்தன.

"இருட்டறதுக்குள்ள மலை இறங்கோணுங்க" என்றார் மாமா.

அப்பா இன்னொரு காம்பை எடுத்தார். மாமா என் பக்கம் திரும்பினார். "ஏஞ்சாமி, அத்தை நம்மூட்டுக்கு எப்ப வருதாம்? உங்கிட்ட ஏதாச்சும் சொல்லுச்சா?"

இவ்வளவு நேரத்தில் என்னிடம் பேசிய ஒரே ஆள் அவர்தான். மரியாதையாக எழுந்து நின்று சொன்னேன்.

"பகல்ல ஒண்ணும் சொல்லலீங்க மாமா. தூக்கத்துலதான் சொல்லும். 'நா வரமாட்டேனுங்க, என்னக் கூப்புடாதீங்க'ன்னு. தெனமுஞ் சொல்லும்."

முறத்தில் அப்பாவின் கை நின்றது. சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. மாமாவின் சிரிப்பு மட்டும் முகத்தில் அப்படியே இருந்தது.

"கொழந்தைக்கு நல்லாச் சொல்லிக் குடுத்திருக்கீங்க மச்சான்."

அப்பா அப்போதுதான் தலை நிமிர்ந்தார். "ஆரும் சொல்லிக் குடுக்கலீங்க மாப்ள. எனக்கே இப்பத்தான் தெரியுதுங்க."

எழுந்து போய்ப் பையை எடுத்தார். மாமாவும் எழுந்து, வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார். அப்பா அவரைத் தாண்டி, பையை உள்ளறைக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். "காப்பி குடிச்சுப்போட்டுக் கெளம்புங்க" என்றார்.

மாமா காப்பி குடிக்கவில்லை. கார் கிளம்பிப் போன பிறகு அம்மா என் காதைத் திருகி, பெரியவர்கள் பேச்சில் வாய் வைக்கலாமா என்று கேட்டாள். கேட்டுவிட்டு அவளே அழுதாள். அத்தையின் தூக்கத்து ரகசியத்தைக் காட்டிக் கொடுத்துவிட்டேன் என்ற குற்ற உணர்ச்சியில் நானும் அழுதேன்.

இப்போது நான் சென்னையில் படத்தொகுப்பு வேலை பார்க்கிறேன். இரண்டு பேர் உட்கார்ந்து பேசும் காட்சி வந்தால் என்னிடம்தான் தருவார்கள். பேசுகிறவரை விட்டுக் கேட்கிறவரிடம் எப்போது போக வேண்டும் என்பது உனக்குத் தெரிகிறது என்பார்கள். எங்கே படித்தாய் என்று கேட்டால் ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன்.

அத்தை பிறகு வாழப்பாடிக்குப் போகவே இல்லை. ஒரு நாற்றுப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்து, இன்று அங்கே பத்துப் பேரை மேய்க்கிறாள். போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, சின்ன வயதில் போலவே அவள் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தேன். தூக்கத்தில் பேசும் பழக்கம் இன்னும் இருக்கிறதா என்று விளையாட்டாகக் கேட்டேன்.

"எனக்கு எந்தக் காலத்துல கண்ணு அந்தப் பழக்கம் இருந்துச்சு?" என்றாள். "முழிச்சுட்டுதான் இருப்பேன். ஒரு தடவையாச்சும் அவரு மொகத்துக்கு நேரா சொல்லிப்போடோணும்னு தெனமுஞ் சொல்லிச் சொல்லிப் பாத்துக்குவேன். அன்னிக்குத் திரைக்குப் பொறத்தால அதுக்குத்தான் நின்னேன். வாயி வரல."